எழுந்து நடந்த அறுபத்தொன்று

ஓர் உயிர் செத்துவிட்டது என்று எத்தனை நேரம் பார்த்த பிறகு சொல்லலாம்? படித்தவர்கள் இதைப் புத்தகத்தில் கேட்பார்கள். பதில் கிடைக்காவிட்டாலும் அவர்கள் சாப்பாடும் தூக்கமும் கெடுவதில்லை. பிரஷ் அக்காவுக்கு இதுதான் தொழில். நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு முறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் அவள் புழு எண்ணுகிறவள். அதற்கு முன்னால் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பித்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பித்தானிலிருந்து புழுவுக்கு வந்தது பதவி உயர்வா இறக்கமா என்று வீட்டில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது, பிறகு ஓய்ந்தது. அவளைத் திறமைசாலி என்று அங்கே யாரும் சொன்னதில்லை. தவறு குறைவாகச் செய்கிறவள் என்று சொன்னார்கள். அந்த வேலைக்கு அதுவே போதும்.

வேலை இதுதான். வட்டமான கண்ணாடித் தட்டில் ஈரத்தாள், அதன்மேல் முட்டைகோஸ் இலையில் வெட்டிய ஒரு வட்டம், அதில் பத்துப் பச்சைப் புழு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசிமுனையால் மருந்து ஒரு சொட்டு. மூடி வைத்துவிட்டு மறுநாள் அதே நேரத்தில் திறக்க வேண்டும். புழுவை பிரஷால் மூன்று முறை தொட வேண்டும், தலையில், இடுப்பில், வாலில். மூன்றுக்கும் அசையாவிட்டால் செத்தது. அதற்கும் மறுநாள் இன்னொரு முறை. ஆகவே தாளில் இரண்டு கட்டங்கள்: இருபத்து நான்கு மணி, நாற்பத்தெட்டு மணி.

பிரஷ் என்பது படம் வரைகிற பிரஷ்தான். நாலைந்து மயிரை மட்டும் விட்டு மற்றதை அவளே கத்தரித்து வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கொண்டையில் செருகிக்கொள்வாள். ஒருநாள் தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட பேனா என்று நினைத்து அதை உருவி, படிவத்தின்மேல் மூன்று முறை தொட்டுவிட்டு நின்றாளாம். பெயர் அதிலிருந்து வந்தது.

அவள் சேர்ந்த முதல் எட்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் சோதித்ததெல்லாம் கம்பெனி மருந்துகள். பிறகு புதிதாக வந்த ஆய்வாளர் மேடம் செடி எண்ணெய்களில் இறங்கினார். கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ். காய்ச்சி வடித்த எண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தால் புழு மடியும், நாலு நாளில் எண்ணெயும் காற்றோடு போய்விடும், மண்ணிலும் காயிலும் தங்காது என்பது மேடத்தின் வாதம். எந்த எண்ணெய், எவ்வளவு, எதனோடு எது என்பதுதான் மூன்று வருட வேலை. அக்காவின் சேலை, தலைமுடி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் கிராம்பு ஏறிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற அவள் கணவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. பல் டாக்டர் வீட்டில் வாடகைக்கு இருப்பது போல இருக்கிறது என்பார். விருந்தாளி யாராவது வந்தால், "உக்காருங்க, எறும்புகூட எங்க வீட்டுக்கு வர்றதில்ல, நீங்களாவது வந்தீங்களே" என்பார்.

அக்காவுக்கு எண்ணெயில் அக்கறை வந்ததற்கு மேடத்தின் வாதம் காரணமல்ல. அவளுடைய தம்பி காரணம்.

தம்பிக்கு முக்கால் ஏக்கர் முட்டைகோஸ். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். போன போகத்தில் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கும்போது வரிசை நடுவில் விழுந்துவிட்டான். வாயில் எச்சில் வழிய, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தவனை அவன் மனைவிதான் வாய்க்கால் வரை இழுத்து வந்தாள். பிழைத்தான். ஆனால் டம்ளர் பிடித்தால் வலது கை நடுங்கியது. இருபது வருட மருந்து உடம்பில் இருக்கிறது, இன்னொரு முறை இப்படி ஆனால் என்னிடம் தூக்கி வராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி மிச்சமிருந்த மருந்து பாட்டில்களை மோட்டார் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றோடு போட்டுக்கொண்டாள்.

இந்தப் போகத்தில் கோஸ் உருண்டு வருகிற நேரம் புழு இறங்கியது. குருத்துக்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் எட்டாது. தம்பி போன் செய்தான். எண்ணெய் அடிக்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, நீ எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"எப்படி?"

"நான் எண்ணுன வரைக்கும் நல்லா சாகுதுடா."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஆய்வுக்கூடம் ஆறு விவசாயிகளுக்குக் கலவை ஏழு என்ற எண்ணெயைக் கொடுத்துப் பார்க்கப்போவதாக இருந்தது. கிராம்பும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்தது. அக்கா மேடத்திடம் பேசி, ஆறில் ஒருவனாக அவனையும் சேர்த்துவிட்டாள். வாழ்க்கையில் அவள் கேட்ட ஒரே சிபாரிசு அது.

கேன்கள் நிரப்பித் தயாராக இருந்தன. கலவை ஏழின் கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு தட்டு, நூற்றிருபது புழு. வியாழக்கிழமை சொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்து எண்ணினால் நூற்றொன்பது செத்திருந்தன. நாற்பத்தெட்டு மணி சனிக்கிழமையில் வருகிறது. சனி, ஞாயிறு விடுமுறை. மேடம் அறையிலிருந்து, தாள் முடிந்ததா, வண்டி காலையில் கிளம்புகிறது என்று கேட்டு அனுப்பினார்கள். பூச்சி வயலில் ஏறிக்கொண்டிருந்தது, ஆறு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இரண்டாவது கட்டத்திலும் நூற்றொன்பது என்று எழுதினாள்.

இதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை. அந்த அறையில் யாருமே நினைத்திருக்க மாட்டார்கள். கம்பெனி மருந்தை எண்ணிய எட்டு வருடத்தில் இரண்டு கட்டமும் வேறுபட்டதே இல்லை. அந்த மருந்தில் விழுந்த புழு எழாது. அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்த மூத்த எண்ணுகிறவரே விடுமுறை வந்தால் இரண்டாவது கட்டத்தில் மேற்படிக் குறி போடுகிறவர்தான். தனிக் கிராம்பு எண்ணெயிலும் ஒன்று, இரண்டுக்குமேல் வித்தியாசம் வந்ததில்லை. ஒருவர் நெடுநாள் சரியாகச் செய்த காரியம் கண்ணுக்குத் தெரியாமல் நம்பிக்கையாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு பார்ப்பது வீண்வேலையாகப் படுகிறது.

எண்ணி முடித்த தட்டுகளை வெந்நீர்த் தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். அன்று ஹீட்டர் கருகிப் போயிருந்தது. தட்டுகளை மூடியோடு அலமாரித் தட்டில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் விளக்கைப் போட்டதும் முதலில் அவள் பார்த்தது இலையை. வெள்ளிக்கிழமை முழு வட்டமாக இருந்த இலை சல்லடையாக இருந்தது. சாணித்துகள் போலப் புதிய கழிவு தாளெங்கும் சிந்திக் கிடந்தது. செத்ததாக எழுதிய புழு ஒன்று மூடியின் உட்பக்கத்தில் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அடுத்த தட்டைத் திறந்தாள். அதற்கடுத்ததை. பன்னிரண்டையும் திறந்து மேசைமேல் பரப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். நூற்றொன்பதில் அறுபத்தொன்று எழுந்து நடந்தன.

எண்ணெய் அவற்றைக் கொல்லவில்லை, மயக்கியிருக்கிறது. பாதிக்கு மேல் தெளிந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அடித்தானாம். காலையில் போய்ப் பார்த்தால் புழு மழை பெய்த மாதிரி விழுந்து கிடக்கிறதாம். கை நடுங்கவில்லை, தலை சுற்றவில்லை, வயலே மிட்டாய்க் கடை மாதிரி மணக்கிறதாம். அக்கம்பக்கத்து வயல்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க அக்கா எண்ணுன மருந்துன்னு சொல்லியிருக்கேன். கேட்டுச்சா அக்கா? என்ன, பேச மாட்டேங்கற?"

கேட்டது, நல்லது, பிறகு பேசுகிறேன் என்றாள். போனை வைத்தபோது எந்தப் பக்கம் திரும்பி வெளியே போவது என்று ஒரு கணம் தெரியவில்லை. பதினோரு வருடம் வேலை செய்த அறை அது.

தட்டுகளோடு மேடம் அறைக்குப் போனாள். சொன்னாள். இரண்டாவது நாள் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதினேன் என்பதையும் சொன்னாள். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, தாளைத் திருத்திக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு, ஆய்வுக்கூடம் வேறு, வயல் வேறு என்றார். வயலில் விழுந்த புழுவை எறும்பு விடாது, பறவை விடாது. மூன்று நாள் பார்த்துவிட்டு ஆறு பேருக்கும் சொல்லலாம், இப்போதே பயமுறுத்தினால் எல்லாரும் ஓடிப்போய்ப் பழைய மருந்தை எடுப்பார்கள், பிறகு ஜென்மத்துக்கும் எண்ணெய்ப் பக்கம் திரும்ப மாட்டார்கள் என்றார்.

அதில் தவறு கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. ஆனால் மூன்று நாளில் புழு குருத்துக்குள் போய்விடும். அவள் ஒன்றரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

இரண்டரை மணி நேரமும் ஒரே கணக்கு. சொன்னால் அவன் சாவியைக் கேட்பான். சொல்லாவிட்டால் கோஸ் போகும். கோஸ் போனாலும் அடுத்த போகம் சாவியைக் கேட்பான். எந்த வழியில் போனாலும் மோட்டார் அறை அலமாரியில்தான் போய் முட்டியது. வழக்கமாக ஜன்னலோரம் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே போகிறவள். அன்று நாற்பதுக்கு மேல் கணக்கு நிற்கவில்லை.

தம்பி வரப்பிலேயே காத்திருந்தான். கூட்டிப் போய்க் காட்டினான். இலை மடிப்பிலும் மண்ணிலும் புழுக்கள் சுருளாமல் நீட்டிக் கிடந்தன. அவள் சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு, கொண்டையிலிருந்து பிரஷை உருவித் தொட்டாள். தலை, இடுப்பு, வால். அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. மேற்கு ஓரத்து வரிசையில் இருபது செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, இலையில் எத்தனை, மண்ணில் எத்தனை என்று எழுதினாள். தம்பி இடுப்பில் கைவைத்துச் சிரித்தான்.

"செத்துக் கெடக்கறத எத்தன தடவதான் எழுப்புவ? ஆபீஸ்ல எண்ணுனது பத்தலையா?"

"நீ போய் வேலையப் பாரு."

"வேலையே இல்லையே. அதான் நீ முடிச்சுக் குடுத்துட்டியே."

சாயங்காலம் அவன் மனைவி அவளுக்குத் தனியாக டீ கொண்டுவந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து, போன போகத்தில் நடந்ததை மறுபடி சொன்னாள். இழுத்து வந்தபோது அவன் செருப்பு ஒன்று வாய்க்காலில் போனது, அதைப் பற்றியே அவன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான் என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் கலைந்தது. பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தாள்.

"இத நீங்க கொண்டு போயிடுங்க அண்ணி. என்கிட்ட இருந்தா என்னிக்காவது கெஞ்சுவாரு, நானும் குடுத்துடுவேன். உங்ககிட்ட கேக்க மாட்டாரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். காலையில் எண்ணிவிட்டுச் சொல்லலாம், மேடம் சொன்னதும் நடக்கலாமே என்று தனக்குள் ஒத்திப்போட்டாள். ஒத்திப்போடுகிறவர்கள் எல்லாரும் அதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார்கள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வந்ததும் நூல் கட்டிய வரிசைக்குப் போனாள். மண்ணில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை இல்லை. எறும்புகள் இழுத்துப் போன தடம் இருந்தது. மேடம் சொன்னது அதுவரை சரி. ஆனால் எறும்பு ஏறாத இலை மடிப்புகளில் நேற்று எழுபத்தொன்று கிடந்தன. இன்று பிரஷால் தொடவே வேண்டியிருக்கவில்லை. நாற்பத்து நான்கு நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் உள்நோக்கி, குருத்தைப் பார்த்து. மெதுவாகத்தான் போயின, குடித்தவன் வீடு தேடுகிற மாதிரி. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

தம்பி பல் குச்சியோடு வந்து பக்கத்தில் நின்றான். அவன் கண்ணும் இலையில்தான் இருந்தது.

"அக்கா, இது நடக்குது."

"ஆமாடா."

"நீ எண்ணுனேன்னு சொன்ன."

"மொத நாள் எண்ணுனேன். ரெண்டாவது நாள் எண்ணல. எண்ணுன மாதிரி எழுதிட்டேன்."

அவன் குச்சியைத் துப்பினான். அவளைத் திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். சின்ன வயதில் அவளுடைய சிலேட்டை உடைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது போல ஒரு பார்வை பார்த்தான், இப்போதும் தப்புச் செய்தது அவனே என்பது போல. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"சாவி எங்க?"

அவன் மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு அவன் அக்காவிடம் கை நீட்டினான். அந்த வலது கை. நீட்டிய இடத்தில் அது நிற்கவில்லை.

"குடு. வெயில் ஏறுறதுக்குள்ள அடிச்சாகணும்."

"அண்ணி, வேண்டாம்," என்றாள் அவன் மனைவி. "எண்ணெய் இன்னொரு கேன் இருக்கில்ல? அதையே அடிச்சா என்ன?"

அதை அக்காவும் காலையிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். பாதி தெளிந்த புழுவுக்கு இரண்டாவது முறை எண்ணெய் பட்டால் செத்துப்போகலாம். இலை கருகியும் போகலாம். யாரும் செய்து பார்த்ததில்லை, எந்தத் தாளிலும் அதற்குக் கட்டம் இல்லை. வெயில் ஏறினால் எண்ணெய் நிற்காது என்பது மட்டும் தெரியும். பழைய மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும். எட்டு வருடம் எண்ணியிருக்கிறாள்.

அக்கா மோட்டார் அறைக்கு நடந்தாள். உள்ளே அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி டேங்க்கைத் தூக்கப் போனான். அவள் வெளியே வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவனுடைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் போட்டிருந்தாள், முகத்தில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"நீ அடிக்கறியா? உனக்கு டேங்க் தூக்கத் தெரியுமா?"

"தண்ணி கொண்டா. கொண்டாந்து வெச்சிட்டு வாய்க்கால் அந்தப் பக்கம் போயிடு. காத்து இங்கருந்து அடிக்குது."

"அக்கா, இது அந்த மருந்து."

"தெரியும்."

மருந்தை அளந்து ஊற்றினாள். முதல் டேங்க்கை முதுகில் ஏற்றும்முன் ஒரு காரியம் செய்தாள். கிடந்த காலி உரச்சாக்குகளை எடுத்துப்போய், மேற்கு ஓரத்தில் நூல் கட்டிய இருபது செடிகளையும் ஒவ்வொன்றாக மூடி, ஓரங்களில் மண்ணைத் தள்ளி அமுக்கினாள். மருந்து ஒரு துளியும் படாதபடி. பிறகு கிழக்கு வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். பத்து டேங்க். முட்டி வலிக்காரி, நாலாவது டேங்க்கிலிருந்து ஒவ்வொரு வரிசை முடிவிலும் வரப்பில் கையூன்றி நின்றாள். வாய்க்காலுக்கு அப்பால் தம்பியும் அவன் மனைவியும் நின்று, அவள் விழுந்தால் ஓடலாம் என்று அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழவில்லை. முடித்துவிட்டு மோட்டார்த் தண்ணீரில் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தாள். மிச்சமிருந்த எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் கிளம்பினாள். மறுபடி பூட்டிய அலமாரியின் சாவியைத் தரவில்லை. சாக்குகளை நாளைக்கு எடுத்துவிடு, அந்த இருபதுக்கு எதுவும் அடிக்காதே என்று மட்டும் சொன்னாள்.

தம்பியின் முட்டைகோஸ் பிழைத்தது. மற்ற ஐந்து பேருக்கு மேடம் சொன்னபடி மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். அக்கா ஒரு வாரம் தலைவலியோடு வேலைக்குப் போனாள். அதன்பிறகு கலவை ஏழு எட்டாகி, ஒன்பதாகி, தாளில் எழுபத்திரண்டு மணிக்கு ஒரு கட்டம் கூடுதலாக வந்தது. அதற்காக அவள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து எண்ணினாள். கணவர் வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு, புழுக்களுக்கு விடுமுறை கிடையாதா என்று கேட்டுவிட்டுப் போவார். இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் வயலில் அடித்தது கலவை ஒன்பது. அதை அவன் கையாலேயே அடித்தான்.

அந்த இருபது செடிகளை அவள் மூடியதை ஆய்வுக்கூடத்தில் சொன்னபோது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பாள், எண்ணுகிறவளுக்கு அதுதானே புத்தி என்றார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்தான். சாக்கை எடுத்துவிட்டு, அவள் வருவாள் எண்ணுவாள் என்று அந்த வரிசையை யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டான். இரண்டு முறை போன் செய்து எப்போது வருகிறாய் என்றும் கேட்டான். முதல் முறை வேலை இருக்கிறது என்றாள். இரண்டாவது முறை பேச்சை மாற்றினாள். அறுவடை நாளில் அவன் மனைவி அந்த இருபதையும் வெட்டினாள். வலை போல அரிக்கப்பட்டுக் காம்பும் நரம்புமாக இருந்தன. சிவப்பு நூல்கள் அப்படியே இருந்தன. ஒருமுறை செத்தவையாக எண்ணி, எழுந்து நடந்துவிட்டவற்றை மறுபடி எண்ண அக்கா வரவேயில்லை.